மறிச்சுக்கட்டியில் சிப்பி எண்ணியவர்: லெனார்ட் வூல்ஃப் கதை எழுதக் கற்ற விதம்

மன்னாரிலிருந்து சிலாவத்துறை வழியாகத் தெற்கே போகும் வீதி வில்பத்துக் காட்டைத் தொடுவதற்குச் சற்று முன்னதாக மறிச்சுக்கட்டியை வந்தடைகிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. இன்று இந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது இடம்பெயர்வும், மீள்குடியேற்றமும், வனப் பாதுகாப்பு வர்த்தமானிகளும்தான். 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை வேறு. குவைத், பஹ்ரைன், கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று பல கரைகளிலிருந்து ஆட்கள் பாய்மரம் ஏறி இந்த ஊரைத் தேடி வந்தார்கள். அது முத்துக்குளிப்பின் தலைநகராக இருந்த காலம்.

மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் சிப்பி முற்றிவிட்டது என்று அரசாங்கம் அறிவித்ததும் வெறும் மணலில் ஒரு நகரம் எழும். கிடுகு வேய்ந்த கொட்டில்கள் வரிசையாக முளைக்கும். கடைத்தெரு, பொலிஸ், நீதிமன்றம், வைத்தியசாலை எல்லாம் சில வாரங்களுக்கு வந்து சேரும். 1905 ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. பருவம் முடிந்ததும் அந்த நகரம் கலைந்துபோகும். அழுகிய சிப்பியின் நாற்றமும் ஓடுகளும்தான் மணலில் மிஞ்சும்.

அடுத்த ஆண்டு, 1906 இல், அந்த முகாமில் வேலை பார்க்க 25 வயது ஆங்கிலேயர் ஒருவர் அனுப்பப்பட்டார். யாழ்ப்பாணக் கச்சேரியில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இளம் சிவில் உத்தியோகத்தர் அவர். பெயர் லெனார்ட் வூல்ஃப். ஆங்கில நாவலாசிரியை வேர்ஜீனியா வூல்ஃபின் கணவர் என்றுதான் உலகம் இன்று அவரை அறிகிறது. ஆனால் வேர்ஜீனியாவின் முதல் நாவல் வெளிவருவதற்கு முன்பே அவர் ஒரு நாவலை வெளியிட்டிருந்தார். இலங்கைக் கிராமம் ஒன்றை அதன் உள்ளிருந்து எழுதிய ஆங்கில நாவல் அது. அவரது ஏழு இலங்கை ஆண்டுகளில் முதற்பகுதி தமிழ்ப் பிரதேசத்தில் கழிந்தது. அவர் கற்ற முதல் இலங்கை மொழியும் தமிழ்தான். அப்படியிருந்தும் அந்த நாவல் தமிழ் ஊரைப் பற்றியது அல்ல. அது ஏன் என்று கேட்டுப் பார்த்தால், பிறருடைய துயரத்தைக் கதையாக்குவது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

வூல்ஃப் 1880 நவம்பர் 25 அன்று லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பெயர்பெற்ற வழக்கறிஞர். 1892 இல் அவர் இறந்தபோது வூல்ஃபுக்குப் 11 வயது. வசதியாக இருந்த வீடு ஒரே நாளில் சிக்கன வீடாக மாறியது. பிள்ளைகள் பலர், தாய் ஒருத்தி. புலமைப்பரிசில் பெற்றுப் படித்து 1899 இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரிக்குப் போனார். அங்கே லிட்டன் ஸ்ட்ரேச்சி, ஜோன் மேனாட் கெயின்ஸ், தோபி ஸ்டீபன் போன்றவர்கள் நண்பர்களானார்கள். இலக்கியத்தையும் மெய்யியலையும் இரவிரவாகப் பேசும் கூட்டம் அது. எழுத்தாளராவதுதான் வூல்ஃபின் ஆசை. ஆனால் வீட்டுக்குப் பணம் வேண்டியிருந்தது. சிவில் சேவைப் பரீட்சை எழுதினார். இலங்கையில் வேலை கிடைத்தது. வோல்தேயரின் நூற்தொகுதியையும் ஒரு நாயையும் கூட்டிக்கொண்டு 1904 இறுதியில் கொழும்பில் வந்து இறங்கினார்.

1905 ஜனவரியில் அவர் யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டபோது வடக்குக்கான புகையிரதப் பாதை முழுமையடைந்திருக்கவில்லை. அநுராதபுரம் வரை புகையிரதம், அதன்பின் காட்டுவழியே தபால் வண்டி. யாழ்ப்பாணத்தில் கச்சேரி வேலை, தமிழ்ப் படிப்பு, மாலையில் வெள்ளையர் கழகத்தில் டென்னிஸ். கேம்பிரிட்ஜில் பேசிய எதையும் அங்கே பேச ஆள் இல்லை. ஸ்ட்ரேச்சிக்கு நீண்ட கடிதங்கள் எழுதித்தான் மனதை ஆற்றிக்கொண்டார். அவற்றில் சலிப்பும் கசப்பும் நிறைந்திருக்கும். நெருப்புக்காய்ச்சல் வந்து சாவின் விளிம்புக்கும் போய் மீண்டார்.

யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. ஒருநாள் அரசாங்க அதிபரோடு குதிரையில் பெரிய தெருவில் போய்க்கொண்டிருந்தார். வீதிக்குள் நீட்டிக் கட்டப்பட்ட விறாந்தை ஒன்றைக் காட்டுவதற்காகக் கையிலிருந்த சவுக்கை நீட்டினார். அந்த நேரத்தில் வண்டியில் வந்த தமிழ் வழக்கறிஞர் ஒருவர், வேண்டுமென்றே தன் முகத்தில் வூல்ஃப் சவுக்கால் அடித்தார் என்று முறையிட்டார். யாழ்ப்பாணச் சங்கம் ஆளுநர் வரை முறைப்பாட்டைக் கொண்டுபோனது. அப்படி எதுவும் நடக்கவில்லை என்று வூல்ஃப் விளக்கம் எழுதினார். விடயம் அத்தோடு முடிந்தது. ஆனால் தான் அப்படிச் செய்யக்கூடியவன் என்று ஊர் நம்பியதே ஏன் என்ற கேள்வி அவரை விடவில்லை. பின்னாளில் சுயசரிதை எழுதியபோது அதற்கு அவரே விடை சொன்னார். அவர்களுடைய பெரிய தெருவில் அவ்வளவு அதிகாரத்தோடு குதிரைமேல் உட்கார்ந்து போனதே ஓர் அறைதான் என்பது அந்த விடை. அதைத் தெளிவாகச் சொல்ல அவருக்கு அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. சந்தேகம் மட்டும் அன்றே விழுந்துவிட்டது.

மறிச்சுக்கட்டிக்கு அவர் வந்தது இந்த மனநிலையோடுதான். அவருடைய வேலை கொட்டு மேற்பார்வை. கொட்டு என்பது கடற்கரையில் வேலி அடைத்துக் கட்டிய பெரிய பரப்பு. பார்களிலிருந்து திரும்பும் வள்ளங்கள் சிப்பியை அங்கேதான் இறக்கவேண்டும். ஒவ்வொரு வள்ளத்தின் சிப்பியும் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று சுழியோடிகளுக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று ஏலம் போகும். வாங்கியவர் சிப்பியை வெயிலில் அழுகவிடுவார். இலையான் மொய்த்து, புழு வைத்து, சதை கரைந்தபின் கழுவி முத்தைத் தேடுவார்கள். அந்த நாற்றம் பல மைல் தூரம் போகும். காற்று விழுந்துவிட்டால் வள்ளங்கள் வந்து சேர இரவாகும். அப்போது வெளிச்சம் வைத்துக்கொண்டு எண்ணவேண்டும். முகாமில் பல்லாயிரம் பேர். அவர்களை ஆள வந்த வெள்ளை உத்தியோகத்தர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க சிலர்.

கதை எழுத விரும்பும் ஒரு இளைஞனுக்கு இதைவிட வளமான இடம் எங்கே கிடைக்கும் என்று தோன்றலாம். அரபிகள், தமிழர், முஸ்லிம்கள், செட்டிமார், நகை வியாபாரிகள், சூதாடிகள், கள்ளர்கள், யாத்திரிகர்கள் என்று ஒரு உலகமே வேலிக்கு வெளியே நடமாடியது. இருந்தும் வூல்ஃப் அங்கே பார்த்தது பெரும்பாலும் கூட்டத்தை. வேலிக்குள் நின்று குவியலை எண்ணும் ஒருவனுக்கு முன்னால் ஆட்களும் குவியலாகத்தான் வந்து போகிறார்கள். இன்று எந்த வள்ளம், எத்தனை ஆயிரம், எவன் இடுப்பில் சிப்பியை ஒளித்தான் என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியது. மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போனவன் எதை நினைத்துக்கொண்டு போனான், கீழக்கரையில் அவன் வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்பதைக் கேட்கும் இடம் கொட்டு அல்ல. அந்தப் பல்லாயிரம் பேரில் ஒருவரையாவது உள்ளிருந்து எழுத வூல்ஃபால் முடியவில்லை. அதற்கு வேறு ஊர் தேவைப்பட்டது.

1907 இல் அவர் கண்டிக்கு மாற்றப்பட்டார். கண்டியில் அவருடைய கடமைகளில் ஒன்று, சிறையில் தூக்குத் தண்டனை நிறைவேறும்போது முன்னே நிற்பது. தீர்ப்பு என்பது தாளில் எழுதப்படும் சொல் மட்டுமல்ல, அதன் முடிவில் ஒரு கயிறும் உடலும் இருக்கின்றன என்பதை அவர் கண்ணால் கண்டார். பின்னால் நாவலில் நீதிமன்றக் காட்சியை எழுதியபோது இந்த அறிவு உதவியது.

1908 ஓகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனார். தெற்கே வறண்ட கரை, உப்பளங்கள், உள்ளே போகப் போக முட்காடு. காட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு குடிசைகள் கொண்ட கிராமங்கள். சேனை வெட்டி ஒருமுறை பயிர் செய்து, விளைந்ததைக் கடன்காரனுக்குக் கொடுத்துவிட்டு, மறுபடி பசிக்கும் மனிதர்கள். காய்ச்சலிலும் பஞ்சத்திலும் அந்தக் கிராமங்கள் ஒவ்வொன்றாய்க் காட்டுக்குள் மறைந்துகொண்டிருந்தன. வூல்ஃப் சிங்களம் கற்றார். மாவட்டம் முழுவதும் நடந்தும் குதிரையிலும் சைக்கிளிலும் திரிந்தார். சேனையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். 1910 இல் கதிர்காம உற்சவத்தில் தங்கி யாத்திரிகர்களைக் கண்காணித்தார். அதே ஆண்டுகளில் மாட்டுக்கு வந்த கொள்ளைநோயை அடக்கக் கட்டாக்காலி மாடுகளைச் சுடவைத்தார். நேர்மையானவர், ஆனால் இரக்கமில்லாத கண்டிப்புக்காரர் என்று பெயர் எடுத்தார். அதை அவரும் மறைக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் என்ன செய்தார் என்பதை உத்தியோக நாட்குறிப்பில் எழுதி மேலிடத்துக்கு அனுப்புவது அந்தப் பதவியின் கட்டாயம். அந்த நாட்குறிப்புகள் பாதுகாக்கப்பட்டு 1960 களில் நூலாகவும் வெளிவந்தன. ஒரு எழுத்தாளர் எதைக் கண்டார், அதை எப்படிக் கதையாக்கினார் என்பதைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த அபூர்வமான சான்று அது. நாட்குறிப்பில் சேனை அனுமதி, வரி, குற்றம், மழை எல்லாம் உண்டு. எழுதுபவர் மேசைக்குப் பின்னால் இருக்கிறார். கிராமத்தவர் மேசைக்கு முன்னால் நிற்கிறார். நாவலில் மேசை மறுபக்கமாகத் திருப்பப்படுகிறது.

1911 மே மாதம் விடுமுறையில் இங்கிலாந்து போனார். அந்த ஆண்டு ஒக்டோபரில் நாவலை எழுதத் தொடங்கினார். நண்பர் தோபியின் தங்கை வேர்ஜீனியா ஸ்டீபன் மீது காதல் கொண்டிருந்த காலம் அது. அடுத்த ஆண்டு பதவியைத் துறந்தார். 1912 ஓகஸ்ட் 10 அன்று இருவரும் மணம் செய்துகொண்டனர். 1913 இல் நாவல் வெளிவந்தது. காட்டுக்குள் கிராமம் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. வேர்ஜீனியாவுக்கே அதைச் சமர்ப்பித்திருந்தார்.

கதை பெத்தகம என்ற கற்பனைக் கிராமத்தில் நடக்கிறது. சிலிந்து என்ற வேட்டைக்காரன், அவனுடைய இரட்டை மகள்மார், மூத்தவளை மணந்த பபுன். கிராமத் தலைவனும் வெளியூர் முதலாளியும் சேர்ந்து அந்தக் குடும்பத்தைக் கடனாலும் வழக்காலும் நெரிக்கிறார்கள். பபுன் செய்யாத குற்றத்துக்குச் சிறை போகிறான். சிலிந்து துவக்கை எடுத்து இருவரையும் சுட்டுக் கொல்கிறான். கடைசியில் குடிசைகள் ஒவ்வொன்றாய் விழுகின்றன. ஒரு பெண் மட்டும் மிஞ்சுகிறாள். காடு முற்றத்துக்குள் வருகிறது.

இதை எழுதுவதில் வூல்ஃபுக்கு முன்னால் பல சிக்கல்கள் இருந்தன. முதலாவது, யாருடைய கண்ணால் சொல்வது. வெள்ளை நிர்வாகி ஒருவரைக் கதையின் நடுவில் வைத்திருந்தால் எழுதுவது எளிதாக இருந்திருக்கும். லண்டன் வாசகருக்கும் பிடித்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. நீதிவான் கதைக்குள் வருகிறார். சில பக்கங்கள் இருந்துவிட்டுப் போகிறார். அவர் கெட்டவர் அல்ல. ஏதோ பிழை நடக்கிறது என்றுகூட உணர்கிறார். ஆனால் சாட்சியும் சட்டமும் சொல்வதைத் தாண்டி அவரால் போகமுடியவில்லை. அந்த நாற்காலியில் இருந்தவர் வூல்ஃப்தான். தன்னையே ஒரு சிறு பாத்திரமாக்கி, தன்னுடைய நல்ல எண்ணம் யாரையும் காப்பாற்றவில்லை என்று காட்டுவதற்குத் துணிவு வேண்டும்.

இரண்டாவது, மொழி. சிலிந்து சிங்களத்தில் நினைப்பவன். அவனை ஆங்கிலத்தில் பேசவைக்கவேண்டும். ஆங்கிலேய விவசாயி போல அவனைப் பேசவைக்காமல், எளிய நேரான வாக்கியங்களை வூல்ஃப் அவனுக்குக் கொடுத்தார். சேனை, ஆராச்சி, யக்கா போன்ற சொற்களை அப்படியே விட்டார். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேள்வி கேட்கப்படும்போது சிலிந்துவும் பபுனும் ஊமைபோல் ஆகிவிடுகிறார்கள். தாய்மொழியில் இல்லாத விசாரணைகளின் முன் நின்ற நம்மவர்களுக்கு அந்தப் பக்கங்களை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது, முடிவு. வாசகருக்கு ஆறுதல் தருவதற்காக யாரையாவது தப்பவிடும் ஆசை எந்த எழுத்தாளருக்கும் வரும். வூல்ஃப் கண்ட கிராமங்கள் தப்பவில்லை. ஆகவே கதையிலும் தப்பவிடவில்லை. அதேவேளை சிலிந்துவை அவர் இரங்கத்தக்க பொருளாகவும் ஆக்கவில்லை. அவனுக்குச் சோம்பல் உண்டு, கோபம் உண்டு, காட்டைப் பற்றிய பயமும் பித்தும் உண்டு. வறியவனை முழு மனிதனாக எழுதுவதென்றால் அவனுடைய குறைகளையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

இந்த நாவல் பின்னர் சிங்களத்துக்குப் போயிற்று. 1980 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைத் திரைப்படமாக்கினார். நீதிவான் வேடத்தில் நடித்தவர் இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்.

சரி, மறிச்சுக்கட்டி என்னாயிற்று? அதையும் அவர் எழுதினார். 1921 இல் வெளியான மூன்று கதைகள் கொண்ட சிறு தொகுப்பில் முத்துக்குளிப்புப் பற்றிய கதை ஒன்று உண்டு. அதில் இங்கிலாந்தின் கடலோர விடுதி ஒன்றில் சில கனவான்கள் உட்கார்ந்து, கீழைநாட்டவரை எப்படி ஆளவேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் யாருக்கும் அந்த நாடுகள் தெரியாது. அங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் அலுத்துப்போய் ஒரு முகாமில் கண்டதைச் சொல்கிறார். ஒரே இரவில் இரண்டு சாவுகள். குடித்தே அழிந்த வெள்ளை வியாபாரி ஒருவன், தான் செய்த கொடுமைகளை எல்லாம் பிதற்றிக்கொண்டு சாகிறான். அதே நேரம் கடலில் இறந்த அரபுச் சுழியோடி ஒருவரின் உடலை அவருடைய ஆட்கள் அமைதியாகக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த கனவான்களின் வாய் அடைக்கிறது.

வெள்ளையர் ஆட்சியின் பெருமையை இவ்வளவு நேராகத் தாக்கிய கதைகள் அக்காலத்தில் அதிகமில்லை. ஆனாலும் கதையைச் சொல்பவரும் வெள்ளையர், கேட்பவர்களும் வெள்ளையர். சுழியோடி கண்ணியமாகச் சாகிறார். கதையில் அவருக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். அவர் எப்படி வாழ்ந்தார் என்பது கொட்டின் வேலிக்கு வெளியே நின்றுவிடுகிறது. அதே தொகுப்பில் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட இன்னொரு கதையும் இருக்கிறது. இரண்டு பிராமணர்கள். ஒருவர் ஆசைக்கு மீன் பிடிக்கிறார். மற்றவர் காசை மிச்சம் பிடிக்கத் தன் தலையில் தானே மண் சுமக்கிறார். ஊர் இருவரையும் தள்ளிவைக்கிறது. தலைமுறை கடந்தும் அந்தப் பழி தொடர்கிறது. சாதியை நையாண்டி செய்யும் கூர்மையான கதைதான். ஆனால் எட்ட நின்று பார்த்து எழுதியது. சிலிந்துவின் அருகே போன எழுத்தாளர் யாழ்ப்பாணத்து முற்றங்களுக்குள் அப்படிப் போகவில்லை. குதிரையிலிருந்து பார்த்த ஊரும் வேலிக்குள்ளிருந்து பார்த்த முகாமும் அவருக்கு நையாண்டியாகவும் கண்டனமாகவும் ஆயின. சேனையில் உட்கார்ந்து கேட்ட கிராமம் மட்டுமே நாவலாயிற்று.

1914 இல் அவருடைய இரண்டாவது நாவல் வந்தது. தன் குடும்பத்தையும் தன் திருமணத்தையும் ஒட்டி எழுதியது. குடும்பத்தவர் புண்பட்டனர். உலகப்போர் தொடங்கிய வேளை, நூலும் எடுபடவில்லை. அதற்கு முந்திய ஆண்டில் வேர்ஜீனியா மனநோய் முற்றித் தற்கொலைக்கு முயன்றிருந்தார். அவரைப் பராமரிப்பது வூல்ஃபின் முழுநேரக் கடமையாயிற்று. அதன்பின் அவர் நாவல் எழுதவேயில்லை. 1917 இல் இருவரும் ஒரு கையச்சு இயந்திரம் வாங்கி வீட்டிலேயே ஹோகார்த் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள். முதல் வெளியீட்டில் ஆளுக்கொரு கதை. பின்னர் கதரின் மேன்ஸ்ஃபீல்ட், டி. எஸ். எலியட், பிராய்ட் என்று பலரை அந்தப் பதிப்பகம் வெளியிட்டது. பிறருடைய எழுத்துக்கு அச்சுக் கோத்த மனிதராக வூல்ஃப் நிலைபெற்றார்.

அரசியலில் அவர் பேரரசுக்கு எதிரானவர்களோடு சேர்ந்தார். 1915 இல் இலங்கையில் இனக்கலவரத்தை அடக்குகிறோம் என்று ஆங்கிலேய ஆட்சி நடத்திய கொடுமைகளை விசாரிக்கக் கோரி லண்டன் வந்த ஈ. டபிள்யூ. பெரேரா, டி. பி. ஜயதிலக்க ஆகியோருக்குத் துணை நின்றார். தொழிற்கட்சியின் ஆலோசனைக் குழுவுக்கு நீண்டகாலம் செயலாளராக இருந்தார். 1938 இல் அவர் இலங்கை பற்றி எழுதிய குறிப்பாணையில் சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றும், கூடிய அதிகாரப் பரவலாக்கத்தையோ சுவிட்சர்லாந்து மாதிரியிலான சமஷ்டி முறையையோ பரிசீலிக்கவேண்டும் என்றும் பரிந்துரைத்தார். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் வாழ்ந்தவர் அவர். அந்தப் பரிந்துரை கிடப்பில் போடப்பட்டது. அதன் விலையைக் கொடுத்தவர்களுக்கு அதை நினைவூட்ட வேண்டியதில்லை.

வேர்ஜீனியா 1941 மார்ச்சில் ஆற்றில் இறங்கி உயிரை மாய்த்துக்கொண்டார். வூல்ஃப் இன்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1960 பெப்ரவரியில், தன் 79 ஆவது வயதில், சுதந்திர இலங்கைக்கு மீண்டும் வந்தார். யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை எங்கும் மரியாதையான வரவேற்பு. ஆனால் ஒரு முதியவர் மட்டும் வேறு விடயத்துக்காக வந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், மாட்டுக் கொள்ளைநோய்க் காலத்தில், வூல்ஃப் தனக்கு அளித்த தண்டனை நியாயமானதா என்று அவர் கேட்டார். தீர்ப்புச் சொன்னவருக்கு அது ஆயிரத்தில் ஒன்று. பெற்றவர் அரை நூற்றாண்டாக அதைச் சுமந்திருக்கிறார். அடுத்த ஆண்டு வெளிவந்த சுயசரிதையின் இரண்டாம் பாகம் முழுக்க இலங்கை ஆண்டுகளைப் பற்றியது. 1969 ஓகஸ்ட் 14 அன்று சசெக்ஸில் தன் வீட்டில் வூல்ஃப் காலமானார். ஐந்தாவதும் கடைசியுமான பாகம் அந்த ஆண்டுதான் வந்தது.

அவர் சிப்பி எண்ணிய கரை அதற்கு முன்பே மாறிவிட்டது. 1907 க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின.  ஊர் தன் வயலோடும் கடலோடும் வாழ்ந்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்களும் கையில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு புத்தளம் பக்கம் போனார்கள். பக்கத்து முள்ளிக்குளத்துத் தமிழர்கள் 2007 இல் வெளியேற்றப்பட்டனர். அங்கே கடற்படை முகாம் வந்தது. போர் முடிந்து திரும்பியவர்கள் தங்கள் காணியில் கண்டது காடு. கிணற்றடியில் மரம், முற்றத்தில் பற்றை. பிறகு வர்த்தமானி அது வனம் என்றது. காடழிப்பவர்கள் என்று அவர்கள்மேல் பழி வந்தது. வழக்குகளும் வந்தன. வூல்ஃப் தன் நாவலின் கடைசி அத்தியாயத்தில் எழுதிய காட்சி, அவர் எழுதாமல் விட்ட கரையில் நடந்தது.

நம்மில் பலர் நடந்ததைப் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஆணைக்குழுக்கள் முன்னால், படிவங்களில், நிவாரணப் பட்டியல்களில், காணாமற்போனோர் அலுவலகத்தில். திகதி, இடம், பெயர், அடையாள அட்டை இலக்கம். அந்தப் பதிவுகள் அவசியம். நீதி கேட்க அவை வேண்டும். ஆனால் அவை கொட்டில் எண்ணிய கணக்கைப் போன்றவை. வெளிக்கிடும்போது அடுப்பில் என்ன இருந்தது, யார் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டார்கள், திரும்பிவந்த தாய் எந்த மரத்தை வைத்துத் தன் வீட்டு வாசலைக் கண்டுபிடித்தாள் என்று எந்த ஆணைக்குழுவும் கேட்பதில்லை. கதை அதைத்தான் கேட்கிறது. அதோடு இன்னொன்றையும் கேட்கிறது. மேசையின் மறுபக்கம் இருந்தபோது நான் என்ன செய்தேன், பக்கத்து ஊர் வெளியேற்றப்பட்டபோது நான் எங்கே நின்றேன் என்ற கேள்வி அது. வூல்ஃபின் நாவல் நிலைத்ததற்குக் காரணம், அதில் அவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை என்பது.

மறிச்சுக்கட்டியை உள்ளிருந்து எழுதுவதற்கு வூல்ஃபுக்கு இல்லாத தகுதி அங்கே கிணறு வெட்டியவர்களுக்கும் புத்தளத்து முகாமில் பிறந்து வளர்ந்து திரும்பிய பிள்ளைகளுக்கும் இருக்கிறது. முள்ளிக்குளத்தின் கோயிலை வெளியே நின்று பார்த்தவர்களுக்கும் இருக்கிறது. ஒருவர் மற்றவருடைய முற்றத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. ஏழு ஆண்டுகள் இருந்துவிட்டுப் போன ஒரு வெளிநாட்டு அதிகாரியால் குதிரையிலிருந்து இறங்கி அவ்வளவு தூரம் போக முடிந்திருக்கிறது. இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள் அதைவிடத் தூரம் போகலாம்.